தவறிய பந்தெல்லாம் மோசஸுக்கு

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் பதிவேட்டில் ஒரு பட்டியல் உண்டு. தன் அணி எறிந்து தவறவிட்ட பந்தை, எதிரணி வளையத்தின் அடியிலேயே மறுபடி கைப்பற்றியவர்களின் பட்டியல். தவறிய பந்தை இப்படிக் கைப்பற்றுவதுதான் ரீபவுண்ட். இரண்டாவது இடத்தில் ராபர்ட் பாரிஷ் இருக்கிறார். 21 சீசன், 1,611 ஆட்டம் ஆடி அவர் சேர்த்தது 4,598. அவருக்கு மேலே மோசஸ் மலோன். பாரிஷைவிடக் குறைவான ஆட்டங்களில் ஆடி எடுத்தது 6,731.

இடைவெளி 2,133. அந்த இடைவெளியை மட்டும் தனியே எடுத்துக் கொடுத்தாலும் ஒருவர் நல்ல ரீபவுண்டர் என்று பெயர் வாங்கிக்கொண்டு ஓய்வு பெறலாம்.

தாக்கும் அணியின் ரீபவுண்ட் கணக்கை என்.பி.ஏ. தனியாக எழுதத் தொடங்கியது 1973-74 சீசனில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும் ரீபவுண்டர்களான பில் ரஸ்ஸலும் வில்ட் சேம்பர்லினும் அதற்கு முன்பே ஆடி முடித்துவிட்டார்கள். அவர்கள் எத்தனை எடுத்திருப்பார்கள் என்று இப்போது யாராலும் எண்ண முடியாது. ஆனாலும் கணக்கு எழுதப்பட்ட இந்த அரை நூற்றாண்டில் மலோனின் பக்கத்தில்கூட யாரும் வரவில்லை.

இந்த ரீபவுண்டின் அருமை ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தடுக்கிற அணிக்காரர் எப்போதும் தன் ஆளுக்கும் வளையத்துக்கும் நடுவில் நிற்பார். பந்து பலகையில் பட்டுத் திரும்பும்போது உள்ளிடம் அவருடையது. முதுகால் ஆளை அடைத்து நிறுத்திவிட்டு நிதானமாக எடுக்கலாம். அதனால்தான் மலோன் காலத்தில் தவறிய எறிதல்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தடுக்கும் அணிக்கே போய்ச் சேர்ந்தது. மிச்சத்தைப் பிடுங்க வேண்டியவர் பின்னாலிருந்து வந்து, அடைத்த முதுகைத் தாண்டி, ஃபவுல் ஆகாமல் எடுத்தாக வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒருமுறை முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவிடுவார்கள்.

மலோன் அந்த முதுகைத் தாண்டவில்லை, சுற்றிக்கொண்டு போனார்.

அவர் ஆடிய பழைய ஒளிப்பதிவுகளில் பந்தை விட்டுவிட்டு அவர் கால்களை மட்டும் பார்த்தால் இது விளங்கும். சக வீரர் எறியத் தயாராகும்போதே அவர் எல்லைக்கோட்டை ஒட்டி நழுவி, பலகைக்கு அடியில் போயிருப்பார். வளையத்துக்கு நேர் கீழே நிற்பது எந்தப் பயிற்சியாளரும் பிழை என்று சொல்லும் இடம். பந்து அங்கே விழாது. ஆனால் அவர் அங்கே நிற்பதற்காகப் போகவில்லை. தடுப்பவர் அடைப்பதற்கு ஆளைத் தேடித் திரும்பினால் முன்னால் வெற்றிடம். மலோன் அதற்குள் பின்பக்கமிருந்து தன் இடுப்பாலும் பிட்டத்தாலும் அவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்திருப்பார். உள்ளிடம் கைமாறிவிட்டது, அதுவும் பந்து வளையத்தைத் தொடுவதற்கு முன்பே.

உயரம் 6 அடி 10 அங்குலம். ஒரு சென்டருக்கு இது சுமாரான உயரம்தான். 7 அடி 2 அங்குலக் கரீம் அப்துல் ஜபாரின் பக்கத்தில் சின்னவராகத்தான் தெரிவார். கைகளும் அந்த உடம்புக்குச் சிறியவை. ஒரு கையால் பந்தைக் கவ்விப் பறிக்கிற ஜாலமெல்லாம் வராது. அதனால் தட்டுவார். ஒரு தட்டு, இறங்கி மறுபடி ஒரு குதி, இன்னொரு தட்டு. மற்றவர்கள் முதல் குதியிலேயே இருந்த சக்தியைச் செலவழித்துவிட்டுத் தரையில் நிற்கும்போது அவர் மூன்றாவது குதியில் இருப்பார். ரகசியம் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்னதன் சாரம் ஒன்றே: நான் வளையத்துக்குப் போறேன், அவ்வளவுதான். பேச்சு அவருக்கு எப்போதும் சிக்கனம்.

வர்ஜீனியா மாநிலத்தின் பீட்டர்ஸ்பர்க்கில் 1955-ல் பிறந்தார். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட, சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்துத் தாய் மேரி வளர்த்த ஒரே பிள்ளை. பள்ளியின் சிறந்த வீரனாகி நேராகத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி வீட்டு பைபிளுக்குள் சிறு வயதிலேயே வைத்திருந்தாராம். கடைசி இரண்டு ஆண்டுகளில் அவருடைய பள்ளி அணி 50 ஆட்டம் தொடர்ந்து வென்றது. மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்கு ஒப்புதல் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. அந்த நேரத்தில், என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக நடந்துகொண்டிருந்த ஏ.பி.ஏ. லீக்கின் உட்டா ஸ்டார்ஸ் அணி பணத்தோடு வந்தது. 1974-ல், 19 வயதில், கல்லூரி வாசலை மிதிக்காமல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். நவீனக் கூடைப்பந்தில் அந்த வழியில் முதலில் போனவர் அவர். கெவின் கார்னெட், கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் எல்லாம் பிறகு வந்தவர்கள். மலோனுக்கு முதல் சீசனிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 14.6 ரீபவுண்ட்.

அதன் பிறகு நடந்ததை இன்று படித்தால் சிரிப்புத்தான் வருகிறது. உட்டா அணி பாதியில் மூடப்பட்டது. செயின்ட் லூயிஸ் அவரை வாங்கியது. 1976-ல் ஏ.பி.ஏ.வே கலைந்து என்.பி.ஏ.வில் கரைந்தது. அப்போது போர்ட்லண்ட் அவரை எடுத்து, சீசன் தொடங்கும் முன்பே பஃபலோவுக்குக் கொடுத்துவிட்டது. பஃபலோ அவரை ஆடவிட்டது 2 ஆட்டம், மொத்தம் 6 நிமிடம். பிறகு ஹூஸ்டனுக்குக் கைமாற்றிவிட்டது. பின்னாளில் மூன்று முறை லீக்கின் சிறந்த வீரராகப் போகிறவர், ஒரே ஆண்டில் யாருக்கும் வேண்டாத பண்டமாக ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார்!

ஹூஸ்டன் ராக்கெட்ஸின் பயிற்சியாளர் டாம் நிசால்கிக்கு அவரை உட்டாவிலிருந்தே தெரியும். ஹூஸ்டனுக்கு வந்த முதல் சீசனிலேயே தாக்கும் ரீபவுண்டில் 437 எடுத்து அதுவரை இருந்த சாதனையை மலோன் தாண்டினார். இரண்டு ஆண்டு கழித்து, 1978-79-ல், அது 587 ஆனது. அந்த எண்ணை இன்றுவரை யாரும் தொடவில்லை. அதே சீசனில் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் மட்டும் 37 ரீபவுண்ட். 1982 பிப்ரவரி 11-ல் சியாட்டிலுக்கு எதிராக 38 பாயின்ட், 32 ரீபவுண்ட்; அந்த 32-ல் 21 எதிரணியின் வளையத்தடியில் எடுத்தவை. ஓர் அணி முழுவதும் சேர்ந்து அவ்வளவு எடுத்தாலே அன்றைக்கு நல்ல நாள் என்பார்கள்.

இங்கே ஒரு பழைய குற்றச்சாட்டைத் தீர்த்துவிடலாம். மலோன் வேண்டுமென்றே தவறவிட்டு, தானே தட்டித் தட்டி எடுத்துக் கணக்கை ஊதிப் பெருக்கினார் என்று சொல்பவர்கள் உண்டு. தன் எறிதலையே அவர் பலமுறை திரும்ப எடுத்தது உண்மை. ஆனால் அவர் எறிந்ததில் ஏறக்குறைய பாதி வளையத்துக்குள் போயிருக்கிறது. கணக்குக்காகத் தவறவிடுபவரின் விகிதம் அப்படி இருக்காது. மேலும், தன் தவறைத் தானே எடுத்துப் போட்டாலும் அணிக்குக் கிடைப்பது அதே 2 பாயின்ட்தான். தடுப்பவர் பதறி அவரைப் பிடித்தால் ஃப்ரீ த்ரோ. அதில் நூற்றுக்கு 76 உள்ளே போகும். பெரிய உடம்புக்காரர்களைக் கோட்டில் நிறுத்தினால் தப்பலாம் என்ற கணக்கு அவரிடம் பலிக்கவில்லை.

குறை என்றால் வேறு இடத்தில் இருக்கிறது. அவர் கைக்குப் போன பந்து வெளியே வராது. ஆட்டத்துக்கு 1.4 அசிஸ்ட்தான். இரண்டு பேர் மொய்க்கும்போதும் வெளியே நிற்கும் ஆளைப் பார்க்காமல் மறுபடி வளையத்துக்கே போனார். தடுப்பிலும் அவர் ரஸ்ஸல் இல்லை. 1978 தொடக்கத்திலிருந்து ஓய்வு பெறும்வரை தொடர்ந்து 1,212 ஆட்டங்களில் ஒருமுறைகூட ஆறு ஃபவுல் வாங்கி வெளியேறாதவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. உள்ளே அவ்வளவு இடித்துக்கொண்டு ஆடிய ஒருவருக்கு இது வியப்பான எண். ஆனால் அதே எண், சில எறிதல்களை அவர் தடுக்கப் போகாமல் விட்டார் என்றும் சொல்கிறது. ரீபவுண்டுக்கு ஆள் களத்தில் இருந்தாக வேண்டுமே.

1981-ல் ஹூஸ்டன் 40 வெற்றி, 42 தோல்வி என்ற பாதிக்கும் கீழான கணக்கோடு பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. முதல் சுற்றிலேயே நடப்புச் சாம்பியன் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸை வீட்டுக்கு அனுப்பியது. சான் அன்டோனியோவை 7-வது ஆட்டத்தில் சாய்த்தது. அப்படியே இறுதிக்கும் போய்விட்டது. அங்கே பாஸ்டனிடம் 4-2 என்று தோற்றது. அந்தத் தொடரின் நடுவேதான், எங்கள் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்தாலே இந்த பாஸ்டனை அடித்துவிடுவேன் என்கிற தோரணையில் பேசி வைத்தார். வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தால் இப்படி.

அடுத்த ஆண்டு சராசரி 31.1 பாயின்ட், 14.7 ரீபவுண்ட், இரண்டாவது முறையாகச் சிறந்த வீரர் விருது. விருதோடு அவரை ஹூஸ்டன் விற்றது. ஃபிலடெல்ஃபியா செவன்ட்டி சிக்ஸர்ஸ் 6 ஆண்டுக்கு 1 கோடியே 32 லட்சம் டாலர் என்று முன்வைத்தது. ஹூஸ்டன் பதிலுக்கு கால்ட்வெல் ஜோன்ஸையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தது.

ஒரு வீரரின் மதிப்பை அளக்க இதைவிட நேரான சோதனை கிடைக்காது. மலோன் இருந்த கடைசி சீசனில் ஹூஸ்டன் வென்றது 46. அவர் போன மறுசீசனில் 14. ஃபிலடெல்ஃபியா 58-லிருந்து 65-க்கு ஏறியது.

அந்த அணியில் ஏற்கெனவே ஜூலியஸ் எர்விங் இருந்தார். மாரிஸ் சீக்ஸ், ஆண்ட்ரூ டோனி, பாபி ஜோன்ஸ் இருந்தார்கள். 1977, 1980, 1982 என்று மூன்று முறை இறுதிவரை போய்த் தோற்ற அணி. அழகாக ஆடும், வளையத்தடியில் மட்டும் இளகிவிடும். மலோன் வந்தவுடனேயே இது டாக்டரின் அணி என்று அறிவித்துவிட்டார் (எர்விங்கின் பட்டப்பெயர் டாக்டர் ஜே). அதன்பின் தவறியதையெல்லாம் பொறுக்கிப் போடும் வேலையை எடுத்துக்கொண்டார். தொடர்ந்து இரண்டு ஆண்டு இரண்டு வெவ்வேறு அணிகளுக்காகச் சிறந்த வீரர் விருது வாங்கியது என்.பி.ஏ.வில் அவர் ஒருவர்தான்.

1983 பிளே-ஆஃப் எப்படிப் போகும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் கூடைப்பந்து உலகின் பழமொழியாகவே ஆகிவிட்டது: "ஃபோ, ஃபோ, ஃபோ." 'ஃபோர்' என்பதன் வாலை விழுங்கிய தென்பகுதி உச்சரிப்பு. மூன்று சுற்றையும் நாலு நாலு ஆட்டத்தில் முடிப்போம் என்று பொருள். நியூயார்க் 4-0. மில்வாக்கி மட்டும் ஒரு ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டது, 4-1. இறுதியில் லேக்கர்ஸ் 4-0. சாம்பியன் மோதிரத்தில் அணியினர் பொறித்துக்கொண்டது "ஃபோ, ஃபைவ், ஃபோ". லேக்கர்ஸுக்கு ஜேம்ஸ் வொர்தி காயத்தால் ஆடவில்லை என்பதையும் நியாயத்துக்குச் சொல்ல வேண்டும். ஆனால் வளையத்தடியில் நடந்தது வொர்தியால் மாறியிருக்காது. நான்கு ஆட்டத்தில் லேக்கர்ஸின் சென்டர் கரீம் எடுத்த ரீபவுண்ட் 30. மலோன் 72.

அந்த உச்சிக்குப் பிறகு சரிவு மெதுவாக வந்தது. 1985 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டு ரீபவுண்டில் முதலிடம் அவருக்கே. 1986-ல் கண்குழி எலும்பு முறிந்து பிளே-ஆஃபில் ஆட முடியவில்லை. அந்தக் கோடையிலேயே ஃபிலடெல்ஃபியா அவரை வாஷிங்டனுக்கு மாற்றியது. ஃபிலடெல்ஃபியா தன் வரலாற்றில் செய்த மோசமான பேரங்களில் ஒன்று அது. பதிலுக்கு வந்த ஜெஃப் ருலண்டின் உடம்பு ஒத்துழைக்கவே இல்லை. மலோனோ இன்னும் எட்டு ஆண்டுக்கு மேல் ஆடினார்.

அதற்குள் அவர் வேலையைக் கற்றுக்கொண்டவர்கள் தயாராகிவிட்டார்கள். 1984-ல் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்த சார்லஸ் பார்க்லி, எடை 300 பவுண்டை நெருங்கிய புதுப் பையன். எனக்கு ஏன் ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று மலோனிடம் போய்க் கேட்டாராம். நீ குண்டு, சோம்பேறி என்று பதில் வந்தது. முதலில் 10 பவுண்டு குறைக்கச் சொன்னார். குறைத்ததும் இன்னொரு 10. தினமும் கூடவே நின்று பயிற்சி செய்தார். மலோன் போன முதல் சீசனிலேயே, 1986-87-ல், ஆறரை அடியைத் தாண்டாத பார்க்லி லீக்கின் ரீபவுண்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தார். கடைசிவரை மலோனை அப்பா என்றே அழைத்தார்.

இன்னொருவர் நைஜீரியாவிலிருந்து ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஹக்கீம் ஒலாஜுவான். கோடையில் ஹூஸ்டனின் ஃபோண்டே விளையாட்டு அரங்கில் மலோன் அவரை இடித்துத் தள்ளி ஆடுவார். ஃபவுல் கேட்டாலும் கிடைக்காது. மலோனை விற்று 14 வெற்றிக்கு விழுந்த அதே ராக்கெட்ஸ்தான், தோற்ற அணிகளுக்குக் கிடைக்கும் முதல் தேர்வில் 1984-ல் ஒலாஜுவானை எடுத்தது. 1989, 1990 இரண்டு ஆண்டும் ரீபவுண்டில் முதலிடம் அவருக்கு.

மலோனின் 6,731 இனி உடையுமா? கடினம். இன்றைய அணிகள் பலவும் எறிதல் கிளம்பியவுடன் மூன்று, நான்கு பேரைத் தற்காப்புக்குத் திருப்பி ஓடச் சொல்கின்றன. எதிரணியின் வேகத் தாக்குதலுக்கு அவ்வளவு பயம். மூன்று பாயின்ட் கோட்டிலிருந்து எறிவதால் தவறும் பந்தும் நீளமாகத் தெறித்து, வளையத்தடியைத் தாண்டி விழுகிறது. சென்டரே வெளியே நின்று எறிகிறார். பலகைக்குக் கீழே குடியிருக்க ஓர் ஆளை அனுமதிக்கும் பயிற்சியாளர் இன்று அரிது. அந்த இடத்திலிருந்து பிட்டத்தால் தள்ளிக்கொண்டு வெளியே வரும் பொறுமை அதைவிட அரிது.

அட்லாண்டா, மில்வாக்கி, மறுபடி ஃபிலடெல்ஃபியா என்று சுற்றிவிட்டு 1994-95-ல் சான் அன்டோனியோவுக்கு வந்தார். 40-ஐ நெருங்கும் வயது. அந்த அணியில்தான் டென்னிஸ் ராட்மன் இருந்தார், தலைமுடிக்கு வாரம் ஒரு நிறத்தோடு. அந்த சீசனிலும் ரீபவுண்ட் பட்டம் ராட்மனுக்கே போனது, சராசரி 16.8. மலோன் 17 ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டார். ஏ.பி.ஏ.வில் ஆடி என்.பி.ஏ.வுக்கு வந்தவர்களில் கடைசியாகக் களத்தில் மிஞ்சியிருந்தது அவர்தான். 2015 செப்டம்பர் 13-ல், தன் 60-வது வயதில் நார்ஃபோக்கில் காலமானார். பிறந்த மாநிலம் அதே வர்ஜீனியா. 2019-ல் ஃபிலடெல்ஃபியா அவருடைய 2-ஆம் எண் சட்டையை அரங்கக் கூரையில் ஏற்றியது.