பொறிமொழியில் பிணைந்த இயங்குதளம்

கணினியின் உறுப்புகளை ஆண்டு நடத்தும் ஆணைத்தொகுதிக்கு இயங்குதளம் என்பது பெயர். விண்டோசும் லினக்சும் பலர் அறிந்தவை. ரிஸ்க் ஓஎஸ் என்பதைச் சிலரே அறிவர். ஆர்ம் இனச் சில்லுகளில் மட்டுமே, அவற்றுள்ளும் ஒருசில பலகைகளில் மட்டுமே, அஃது இயங்கும். இஃது ஆக்கியோரின் பிடிவாதம் என்பர் ஒரு சாரார். வணிகச் சூழ்ச்சி என்பர் மற்றொரு சாரார். இக்கூற்றுகள் பொருந்துமா என ஆராய்வோம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வகுத்த ஆர்ம் சில்லு 1985ஆம் ஆண்டில் உருப்பெற்றது. அதனைக் கொண்ட ஆர்க்கிமிடிஸ் கணினி 1987இல் வெளிவந்தது. அக்கணினிக்கென 1989இல் வந்ததே ரிஸ்க் ஓஎஸ். சில்லின் கட்டளைகளை ஒன்றுக்கு ஒன்றாகக் குறிக்கும் அசெம்பிளி மொழியிலேயே அதன் பெரும்பகுதி எழுதப்பட்டது.

இதனால் விளைந்த நன்மையை மறைத்தல் நேர்மையாகாது. தொடக்கத்தில் இயங்குதளம் முழுவதும் 512 கிலோபைட் அளவான அழியா நினைவகத்தில் அடங்கியது. விசையை அழுத்திய சில நொடிகளில் திரை ஆயத்தமாயிற்று.

எனினும் குறை அந்நிறைவிலேயே பிறந்தது. வெண்பாவை வேற்றுமொழியில் பெயர்ப்போர் அதன் பொருளைக் கொண்டு செல்லலாம். எதுகையையும் ஓசையையும் கொண்டு செல்லல் அரிது. அசெம்பிளி நிரலின் நிலையும் அத்தகையதே. பழைய ஆர்ம் சில்லில் அடுத்த கட்டளையின் முகவரியும் நிலைக்குறிகளும் ஒரே பதிவகத்தில் இருந்தன. முகவரிக்கு 26 பிட்டே எல்லை. பின்வந்த சில்லுகள் அம்முறையைக் கைவிட்டன. ஆகவே 2002இல் ஐயோனிக்ஸ் கணினிக்காக ரிஸ்க் ஓஎஸ் 32 பிட் முறைக்குத் திருத்தி எழுதப்பட்டது. ஓரினச் சில்லுகளுக்குள் இடம்பெயரவே இத்துணைப் பாடு! 2012இல் வந்த ராஸ்பெரி பை அதற்குப் புதுவாழ்வு தந்தது. ஆனால் 2023இல் வந்த ராஸ்பெரி பை 5இன் செயலி, இயங்குதளத்துக்குரிய உயர்நிலையில் 64 பிட் கட்டளைகளை மட்டுமே ஏற்கும். 32 பிட் ரிஸ்க் ஓஎஸ் அதில் நேரே இயங்காது.

மேலும், ஆர்ம் பலகைகளில் துணைக்கருவிகளின் அமைப்பு பலகைக்குப் பலகை வேறுபடும். ஒவ்வொன்றுக்கும் தனியே இணைப்புநிரல் எழுத வேண்டும், எழுதுவோரோ சிலர்.

யூனிக்ஸை இதனோடு ஒப்பிடுக. அதுவும் அசெம்பிளியில் பிறந்ததே. 1973இல் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் அதனைச் சி மொழியில் திருத்தி எழுதினர். அதன் அளவு கூடிற்று. ஆயினும் பல்வேறு பொறிகளுக்கு அது பரவ வழி பிறந்தது.

வணிகச் சூழ்ச்சி என்னும் கூற்று நிலைபெறாது. 2018இல் ரிஸ்க் ஓஎஸ்ஸின் மூலநிரல் அப்பாச்சி உரிமத்தின்கீழ் யாவர்க்கும் திறந்துவிடப்பட்ட பின்னரும் இத்தளை அறவில்லை. பிடிவாதம் என்பதும் முழு உண்மையன்று. நினைவகத்தின் விலை மிகுந்திருந்த காலத்தில் அசெம்பிளியைத் தேர்ந்தது தக்கதே. காலம் மாறியபின் அதன் உள்ளகத்தைப் பொதுமொழிக்குப் பெயர்க்காமல் நாள் கடத்தியதே குறை. கணினி பயிலும் நம் மாணவர் ரிஸ்க் ஓஎஸ்ஸிடம் சிக்கனத்தையும் யூனிக்ஸிடம் தொலைநோக்கையும் கற்பாராக.