ஏற்றவா, இறக்கவா, காற்றடிக்கவா?

அமெரிக்க ஷோரூமில் நிற்கும் புதுப் பிக்கப் டிரக்கைப் பக்கவாட்டில் பாருங்கள். பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஓரிரு அங்குலம் தூக்கலாக இருக்கும். வாங்கியவர்கள் பலருக்கு இந்தக் குனிந்த முகம் பிடிப்பதில்லை. சில வாரங்களிலேயே ‘லெவலிங் கிட்’ போட்டு முன்பக்கத்தை உயர்த்திவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சாய்வு தயாரிப்பாளரின் ரசனைக் கோளாறால் வந்ததல்ல. பின்தொட்டியில் ஆயிரம் பவுண்டு ஏறினாலோ டிரெய்லர் மாட்டினாலோ பின்பக்கம் அமுங்கும். அமுங்கிய பிறகு வண்டி மட்டமாக ஓட வேண்டும் என்று கணக்குப் பார்த்து விட்டுவைத்த உயரம் அது. லெவலிங் கிட் போட்ட வண்டியில் சுமை ஏற்றினால் முகம் வானத்தைப் பார்க்கும்.

பிக்கப்பின் உயரம் என்பது சுமைக் கணக்கு. உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் ஏர் சஸ்பென்ஷன் மாட்டினாலும் கைவைப்பது அந்தக் கணக்கில்தான். ஆனால் இந்தத் தேர்வைப் பற்றிய பேச்செல்லாம் “எத்தனை அங்குலம்?” என்றுதான் தொடங்குகிறது; “என்ன ஏற்றுவீர்கள்?” என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சங்கடமான பதில் வரும். வாகனம் வாங்குவோரிடம் ஆய்வு நடத்தும் ஸ்ட்ராடஜிக் விஷன் நிறுவனத்தின் கணக்குப்படி, பிக்கப் வைத்திருப்பவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் தார்ச்சாலையை விட்டு இறங்குவது ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது அதுவும் இல்லை. அப்படிப் பார்த்தால், மிகப் பிரபலமான தேர்வான உயர்த்தலுக்குத்தான் நியாயம் மிகக் குறைவு. கேலிக்கு ஆளாகும் தாழ்த்தல் எவ்வளவோ மேல்.

உயர்த்தலுக்குச் சொல்லப்படும் முதல் காரணம், வண்டியின் அடிவயிறு தரையில் தட்டாது என்பது. இது பாதி உண்மை. பெரும்பாலான பிக்கப்புகளில் பின்னால் இருப்பது ஒரே தண்டான ஆக்சில்; அதன் நடுவே டிஃபரன்ஷியல் உருண்டை தொங்குகிறது. பாறையில் முதலில் இடிப்பது அதுதான். ஆறு அங்குல லிஃப்ட் கிட் போட்டாலும் அந்த உருண்டை ஒரு நூலளவுகூட மேலே போகாது, ஏனெனில் ஆக்சில் சக்கரத்தோடு இருக்கிறது. உயர்வது அதற்கு மேலே இருக்கும் சேஸிஸும் பாடியும் மட்டுமே. முன்பக்கம் இன்னும் வேடிக்கை. தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியை நான்கு, ஆறு அங்குலம் உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்டின் மூட்டுகள் தாங்காத கோணத்துக்கு வளைந்துவிடும். அதைத் தவிர்க்க, கீழ்க் கன்ட்ரோல் ஆர்ம்களையும் முன் டிஃபரன்ஷியலையும் பிராக்கெட் போட்டு அதே அளவுக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். பணம் கொடுத்து வண்டியைத் தூக்கி, தூக்கியதில் பாதியை மறுபடி இறக்கிப் பொருத்துகிறோம்.

ஆக்சிலை உண்மையில் உயர்த்துவது டயர் ஒன்றுதான். 32 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குலம் மாட்டினால் ஆக்சில் ஒன்றரை அங்குலம் ஏறும். அந்தப் பெரிய டயர் உரசாமல் சுழல இடம் கொடுப்பதே லிஃப்ட் கிட்டின் முக்கிய வேலை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மேட்டை நெருங்கும்போதும் இறங்கும்போதும் பம்பர் தட்டாத கோணம் நிச்சயமாகக் கூடுகிறது. யூட்டாவின் மோவாப் பாறைகளில் வண்டி ஓட்டுபவருக்கு அது பெரிய லாபம். டல்லாஸ் நெடுஞ்சாலையில் அலுவலகம் போகிறவருக்கு அதனால் என்ன பயன்?

டயர் பெரிதானால் கணக்குகள் வரிசையாகக் குலையும். ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி உண்மையில் 65 மைலைத் தாண்டியிருக்கும். இதை மென்பொருளில் சரிசெய்துவிடலாம். ஆனால் 3.55 கியர் விகிதம் கொண்ட ஆக்சில் ஏறக்குறைய 3.25 போல நடந்துகொள்வதை மென்பொருள் மாற்றாது. இழுவை குறையும், எரிபொருள் செலவு ஏறும், கனத்த சக்கரத்தை நிறுத்த பிரேக் கூடுதலாக உழைக்கும். கவிழும் அபாயம் வேறு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பயன்படுத்தும் அளவுகோல் எளியது: இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, எடை மையத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். அகலம் 68 அங்குலம், மையம் 28 அங்குல உயரம் என்று வைத்தால் விடை 1.21. மையம் நான்கு அங்குலம் ஏறினால் 1.06. எண் சிறிதாகச் சிறிதாக வண்டி கவிழ்வது எளிது.

இதெல்லாம் சொந்தக்காரர் தன் பணத்தையும் கழுத்தையும் பணயம் வைப்பது. அவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். விட முடியாத பங்கு ஒன்று இருக்கிறது. 2003-ல் கார் நிறுவனங்கள் தாமாக முன்வந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மோதலின் விசையை வாங்கிக்கொள்ளும் டிரக்கின் முன் இரும்புக் கட்டமைப்பு, தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலம் வரையிலான கார் பம்பர் மண்டலத்தோடு பொருந்த வேண்டும் என்பது அதன் சாரம். 2009 செப்டம்பருக்குள் எல்லாப் பிக்கப்புகளையும் இதற்கேற்ப மாற்ற ஏற்பாடு. டிரக் காரின் மேலேறிக் கதவையும் கண்ணாடியையும் நசுக்காமல், இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளட்டும் என்பதுதான் நோக்கம். பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் இறக்கிக் கொடுத்த அந்த இரும்பை ஓர் ஆறு அங்குலக் கிட் ஒரே பிற்பகலில் மறுபடி மேலே கொண்டுபோய்விடுகிறது. நடந்து போகிறவர் நிலை இன்னும் மோசம். நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வுக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பானட் உயரம் 40 அங்குலத்தைத் தாண்டும் வண்டிகள் பாதசாரியை மோதினால் மரணம் நேரும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்குட்பட்ட சரிவான முகப்புள்ள வண்டிகளைவிட சுமார் 45 சதவீதம் அதிகம். இன்றைய பெரிய பிக்கப்புகள் பலவும் கம்பெனியிலிருந்து வரும்போதே அந்த 40 அங்குலத்தைத் தாண்டி நிற்பவை. அதற்கு மேல் தூக்கினால், டிரைவர் இருக்கையிலிருந்து பார்க்கும்போது முன்னால் நிற்கும் குழந்தை மறைந்துபோகும்.

சட்டம் இதை எப்படிப் பார்த்திருக்கிறது என்பது தனிக் கதை. ‘கரோலினா ஸ்குவாட்’ என்று ஒரு மோஸ்தர்: முன்பக்கத்தை ஏகத்துக்கும் தூக்கி, பின்பக்கத்தை அமுக்கி, டிரைவர் ஆகாயத்தைப் பார்த்து ஓட்டுவது. வட கரோலினா 2021 டிசம்பரிலிருந்து இதைத் தடைசெய்தது. முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரைவிட நான்கு அங்குலமோ மேலோ உயர்ந்திருந்தால் குற்றம். வர்ஜீனியா 2022-லும் தென் கரோலினா 2023-லும் பின்தொடர்ந்தன. நல்லது. ஆனால் நான்கு சக்கரத்தையும் சமமாகத் தூக்கினால் இந்தச் சட்டம் தொடாது. மற்ற உயர வரம்புகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கோமாளித்தனத்தைப் பிடித்தார்கள், அபாயத்தைப் பாதி விட்டுவிட்டார்கள்.

தாழ்த்தியவர்களிடம் சட்டம் இந்தத் தாராளத்தைக் காட்டவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் மெக்சிக்கோ வம்சாவளி இளைஞர்கள் கார்களைத் தரையோடு தரையாக இறக்கி, வார இறுதிகளில் நிதானமாக ஓட்டிப்போனார்கள். கலிபோர்னியா 1958 முதல், வண்டியின் எந்தப் பகுதியும் சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே வரக்கூடாது என்று சட்டம் போட்டது. மறுவருடமே ரான் அகிரே என்ற இளைஞர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்புகளை மாட்டினார். போலீஸைக் கண்டால் வண்டி ஏறும், போனதும் இறங்கும். உயரத்தை இருக்கையிலிருந்தே மாற்றும் அமெரிக்க வழக்கம் பரவியதில் இந்தத் தப்பித்தலுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் சட்டம் நீங்கியது 2024 ஜனவரியில். அறுபத்தாறு ஆண்டுகள்! தாழ்ந்த வண்டி எதிரே வருபவரின் கதவில் ஏறியதாக எவரும் குறைப்படவில்லை. இறக்கியதால் அதிகபட்சம் தேய்ந்தது ஓட்டியவரின் சைலன்சர்தான்.

பொறியியலும் தாழ்த்தலுக்கே சாதகம். மேலே பார்த்த கணக்கில் எடை மையத்தை மூன்று அங்குலம் இறக்கினால் 1.21 என்பது 1.36 ஆகிறது. வளைவில் வண்டி சாய்வது குறையும், அடியில் புகும் காற்று குறையும், ஐம்பது வயதுக்காரர் தொட்டிக்குள் சிமென்ட் மூட்டையைத் தோளுக்கு மேல் தூக்காமல் வைக்கலாம். டிரக்கர்கள் ‘டூ-ஃபோர் டிராப்’ என்பார்கள்: முன்னால் இரண்டு, பின்னால் நான்கு அங்குலம். முன்னால் ‘டிராப் ஸ்பிண்டில்’ மாட்டினால் சக்கரம் பொருந்தும் இடம்தான் மாறும். ஸ்பிரிங்கின் ஓட்டம் குறையாததால் பயண சுகம் கெடாது. ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்குவது வேறு விஷயம், அது வேண்டாம்.

குறை பின்பக்கத்தில் இருக்கிறது. ஆக்சிலின் மேல் உட்கார்ந்திருக்கும் லீஃப் ஸ்பிரிங்கை அதன் கீழே மாற்றி இறக்குவார்கள். அப்போது ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடைவெளி சுருங்கி, சுமை ஏறினால் இரண்டும் இடித்துக்கொள்ளும். ‘சி-நாட்ச்’ என்று சேஸிஸில் பிறை வடிவில் வெட்டி, உள்ளே பலப்படுத்தி இடம் உண்டாக்குவதுண்டு. சரியாக வெட்டத் தெரிந்தவர் கையில் அது பாதுகாப்பானது. வண்டியின் முதுகெலும்பில் கத்தி வைப்பது என்பதால் தெரியாதவர் கையில் கொடுக்கவே கூடாது. எப்படிச் செய்தாலும் தாழ்த்திய பிக்கப் முன்போலச் சுமக்காது. மினசோட்டாவின் பனியிலும் அது உதவாது. ஆனால் பாரம் ஏற்றாத, மண்ணில் இறங்காத வண்டிக்கு இந்த இழப்பு பெரிதல்ல. ஃபோர்டு 2025-ல் எஃப்-150 லோபோவைப் பின்பக்கம் இரண்டு அங்குலம் இறக்கியே விற்பனைக்கு விட்டது.

ஏர் சஸ்பென்ஷனில் இரண்டு ரகம். அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் ரகத்தில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பையே வண்டியைத் தாங்கும். நம்மூர் ஆம்னி பஸ்கள் பலவற்றில் இருப்பது இந்த வகைதான். இதன் அழகு, பாரம் ஏற ஏறக் காற்றைக் கூட்டினால் உயரமும் குலுக்கலும் ஏறக்குறைய மாறாமல் இருப்பது. இரும்பு ஸ்பிரிங் பாரத்துக்கென்று கடினமாகச் செய்யப்பட்டதால் காலி வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடும். ராம் 1500 இந்த வசதியை 2013 மாடலிலிருந்து தருகிறது. ரிவியன் ஆர்1டி-யில் அது ஆரம்பத்திலேயே வந்தது. ராமில் ஒரு விவரம் கவனிக்கத்தக்கது: நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி தானாகக் கீழே இறங்கும், காற்றுத் தடையைக் குறைத்து எரிபொருள் மிச்சம் பிடிக்க. உயரத்தை இஷ்டப்படி வைத்துக்கொள்ளும் சுதந்திரம் கிடைத்ததும், தயாரிப்பாளர் தார்ச்சாலைக்குத் தேர்ந்தெடுத்தது தாழ்வைத்தான்.

பலவீனமும் பழையது. 1957 கேடிலாக் எல்டொராடோ ப்ரோஹம் ஏர் சஸ்பென்ஷனோடு வந்தது. கசிவுத் தொல்லை பொறுக்காமல் சொந்தக்காரர்கள் பலர் சாதா ஸ்பிரிங்குக்கு மாறினார்கள். ரப்பர் காயும், இணைப்புகள் கசியும், கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடி கம்ப்ரசர் எரியும், குழாயில் ஈரம் புகுந்தால் குளிரில் உறையும். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு மாற்றுச் செலவு ஸ்பிரிங்கோடு ஒப்பிடவே முடியாதது. பத்து வருடம் வைத்து ஓட்ட நினைப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது ரகம் உதவிப் பை. இருக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே செருகுவது. ஃபயர்ஸ்டோன், ஏர் லிஃப்ட் நிறுவனங்களின் பைகள் பரவலானவை. டிரெய்லர் இழுப்பவருக்கு மூன்று வழிகளிலும் அதிகப் பலன் தருவது இதுவே. ஆனால் பெட்டியில் 5,000 பவுண்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வண்டி இனி அவ்வளவு கூடுதலாகத் தாங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆக்சில், பேரிங், டயர், பிரேக் எதுவும் மாறவில்லை. டிரைவர் கதவின் உள்பக்க ஸ்டிக்கரில் உள்ள எடை வரம்பு அப்படியேதான் இருக்கிறது. 6,000 பவுண்டு டிரெய்லர் கொக்கியில் 600 முதல் 900 பவுண்டு வரை அழுத்தும். அது பின் ஆக்சிலுக்கும் பின்னால் அழுத்துவதால் முன்சக்கரத்தின் எடை குறைந்து ஸ்டியரிங் லேசாகும். பைக்குக் காற்றடித்தால் பின்பக்கம் மட்டமாகும். முன்சக்கரம் இழந்த எடை திரும்பாது. அதைத் திருப்புவது எடையைப் பங்கிட்டு விடும் தனிவகைக் கொக்கி.

ஆக, டிரெய்லர் இழுப்பவர் அந்தக் கொக்கியும் உதவிப் பையும் வாங்கலாம். பாறையில் ஓட்டுபவர் உயர்த்தலாம், 35 அங்குல டயருக்குத் தேவையான அளவுக்கு மட்டும். நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவர் ஓரிரு அங்குலம் இறக்கலாம், அல்லது நல்ல ஷாக் அப்சார்பர் வாங்கிப் போட்டுவிட்டு உயரத்தைத் தொடாமல் விடலாம். லெவலிங் கிட் போட்டே தீருவேன் என்பவர் அதே நாளில் வீல் அலைன்மென்ட் பார்க்கட்டும், முன் ரேடாரையும் கேமராவையும் மறுபடி அளவு திருத்தச் சொல்லட்டும், ஹெட்லைட்டைக் கீழே திருப்பட்டும். மூக்கு இரண்டு அங்குலம் நிமிர்ந்தால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் விழும். ஓட்டுபவருக்கு அது தெரியாது.