கதவுக்குள் ஒரு காது

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கார் ஓட்டுபவருக்குக் கதவுக் கண்ணாடி சும்மா இருக்காது. சித்திரை வீதியில் பூ வாங்க இறங்கும், பாலத்துப் புழுதிக்கு ஏறும். ஒருநாள் பாதியில் நின்றுவிடும்.

அப்போது முதலில் வேண்டியது ஸ்பானர் அல்ல, காது. சுவிட்சை அழுத்தும்போது மோட்டார் முனகினால் கரண்ட் வருகிறது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கலாம். சத்தமே இல்லையா? ஃபியூஸ், சுவிட்ச், பிறகுதான் மோட்டார். அழுத்தியபடியே கதவில் ஒரு தட்டு தட்டினால், பிரஷ் தேய்ந்த மோட்டார் சிலசமயம் விழித்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது உள்பலகையைக் கழற்றும் கட்டம். திருகுகளை எடுத்து ஓரத்தில் நெம்பினால் கிளிப்புகள் பட், பட்டென விடுபடும். பின்னால் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரிப்பதில்தான் கைநேர்த்தி. ஐப்பசி மழை காருக்குள் வராமல் காப்பது அதுதான். மோட்டாரைத் தொடுமுன் கண்ணாடியை மேலே ஏற்றி, கதவுச் சட்டத்தோடு டேப் ஒட்டி நிறுத்த வேண்டும். சரிந்தால் விரல் தப்பாது.

பலநேரம் குற்றவாளி ரப்பர் தடத்தில் அடைந்த தூசிதான். துடைத்துவிட்டு சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். தேங்காய் எண்ணெய் விடும் மாமாக்களும் உண்டு. அது இன்னும் மண்ணைச் சேர்க்கும். பலகையை மூடுமுன் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பது நல்லது. கிளிப்புகளை இரண்டாம் முறை கழற்றினால் உடையலாம்.