மேசைமேல் ஒரு மீன்பிடிக் கப்பல்

மாதிரிக் கப்பல் ஒன்றைத் தம் கையாலேயே மரத்தில் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுள் பெரும்பாலோர், 104 பீரங்கிகளோடும் மூன்று பாய்மரங்களோடும் நிற்கும், ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலைப் பெட்டியின்மேல் கண்டவுடனே மதிமயங்கிவிடுகிறார்கள். ஒரு பீரங்கியைச் செய்து பொருத்துவது ரஸமான காரியந்தான்; அதையே நூறு தடவைக்குமேல் செய்வது எத்தகைய காரியம் என்பதை எந்தப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை. ஆகையால் நான் தேர்ந்தெடுத்தது, கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்து லூனன்பர்க் துறையில் 1921-இல் நீரில் இறக்கப்பட்ட புளூநோஸ் என்னும் இரட்டைப் பாய்மர ஸ்கூனரை.

வில்லியம் ரூயே வரைந்த அந்தக் கப்பல், கடலில் காட் மீன் பிடித்து உழைத்துக்கொண்டே, ஆங்கஸ் வால்ட்டர்ஸின் தலைமையில் பந்தயங்களிலும் வென்றது. 1937 முதல் கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் பாய்விரித்த ஸ்கூனராக ஓடிக்கொண்டிருக்கிறது. சுமையும் வேகமும் ஒருங்கே வேண்டியிருந்தமையால் அதன் சௌந்தரியம் முழுவதும் உடலின் வளைவிலேயே அமைந்திருக்கிறது. 143 அடி நீளம் 1:64 விகிதத்தில் சுமார் 27 அங்குலமாகும். ஐந்தடி நான்கங்குல மாலுமி சரியாக ஓரங்குலம் நிற்பான். வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடைகளில் கிடைப்பவற்றுள் சில, 1963-இல் கட்டப்பட்ட இரண்டாம் புளூநோஸின் மாதிரிகள்.

பெட்டிக்குள் லேசர் கதிரால் வெட்டிய பிளைவுட் துண்டுகள், மெல்லிய பலகைக் கீற்றுகள், உருளைக் குச்சிகள், பித்தளைச் சாமான்கள், நூல், வரைபடம் ஆகியவை இருந்தன. லேசர் வெட்டின் நேர்த்தியைக் குறைகூற இடமில்லை. கருகிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பசை நன்றாகப் பிடிக்கிறது. செய்முறைக் குறிப்போ, கப்பல் கட்டத் தெரிந்தவனுக்கு ஞாபகமூட்டுவதற்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது.

கஷ்டமும் இன்பமும் பலகை ஒட்டுவதில் இருக்கின்றன. அடிமரத்தில் செருகிய குறுக்குத் தட்டுகளின் விளிம்புகளை, ஒரு கீற்றை வளைத்து வைத்தால் இடைவெளியின்றிப் படியும்வரை, சாய்வாகத் தேய்த்தாக வேண்டும். இதில் அவசரப்பட்டவனைப் பிற்பாடு எந்தச் சாமர்த்தியமும் காப்பாற்றாது. கப்பலின் நடுவயிற்றில் சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. ஆதலால் ஒரே அகலமுள்ள கீற்றுகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு போனால் அவை முன்பக்கத்தில் ஒன்றன்மேலொன்று ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு தட்டிலும் சுற்றளவை அளந்து, பலகைகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதற்கேற்ப ஒவ்வொரு கீற்றின் நுனியையும், பாதி அகலத்துக்குமேல் குறையாதபடி, செதுக்கிக்கொள்ள வேண்டும். அமரத்தின் பக்கம் இடம் விரிந்தால் ஆப்புவடிவத் துண்டுகளை இடையே செருகலாம். மரக்கீற்று தன் கனத்தின் போக்கில் வணங்குமே தவிர அகலத்தின் போக்கில் எளிதில் வணங்காது. அதை நீரில் ஊறவைத்துச் சூடுகாட்டி வளைப்பது பழைய உபாயம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டாவிட்டால் அடிமரமே முறுக்கிக்கொள்ளும். இந்த வகுத்தல் கணக்கை ஒரு முழுப்பக்கத்தில் விளக்காத குறிப்புப் புத்தகத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

கயிற்று வேலையைப் பற்றிய பயம் அநாவசியம். ஸ்கூனரின் பிரதானப் பாய்கள் நீளவாட்டில் அமைவதால் குறுக்குக் கட்டைகளின் கூட்டம் இல்லை. நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொண்டால் பிசிர் அடங்கிவிடும். ஏணிக் கயிறுகளின் முடிச்சுகள் சலிப்பூட்டுமேயன்றிச் சிரமம் தருவதில்லை. தளத்தின்மேல் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்படும் டோரி என்னும் சிறு படகுகள் இந்த மாதிரியின் தனி வசீகரம். குறுக்கு இருக்கைகளைக் கழற்றிவிடுவதாலேயே அசல் படகுகளும் அவ்வாறு அடங்கின.

ஆரம்பக்காரனுக்கு இந்தக் கப்பலைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன்; பலகை வளைக்கும் மின்சாரக் கருவியை இப்போது வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் நல்ல கத்தியும், கை நிறையக் கிளிப்புகளும், தச்சர் உபயோகிக்கும் வெள்ளைப் பசையும் வாங்கலாம். மீதத்தைக் கண்ணாடிக் கூட்டுக்கு ஒதுக்கிவைப்பது விவேகம். நூல்களுக்கிடையே புகுந்த தூசியை எந்தத் தூரிகையாலும் முழுக்க எடுக்க முடிவதில்லை.