சனிக்கிழமைக் கூலியும் காக்கிச் சட்டையும்

சனிக்கிழமை விடிகாலையில் நாரணாபுரத்து ரோட்டோரம் நின்றால் இரண்டு விதமான ஆட்கள் கிளம்புவதைப் பார்க்கலாம். தூக்குச்சட்டியும் தண்ணீர் பாட்டிலுமாக, வெடி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலையின் வேனுக்கு நிற்கிறவர்கள் ஒரு பக்கம். மறுபக்கம், சிவகாசி பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு பையன். கஞ்சி போட்டு விறைத்த காக்கிச் சட்டை, தேய்த்துத் தேய்த்துப் பளபளக்கும் பித்தளைப் பக்கிள், சிவப்புக் குஞ்சம் வைத்த தொப்பி. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், என்.சி.சி. கேடட். வேனில் ஏறும் பெண்களில் அவன் அம்மாவும் உண்டு. போன தீபாவளி சீசன் வரை சனிக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் அவனும் அதே வேனில் போய் பேக்கிங்கில் கிப்ட் பாக்ஸ் அடுக்கியவன்தான். இப்போது அந்த நாள் பரேடுக்குப் போகிறது. சாயங்காலம் வாரச் சம்பளம் வாங்கி வரும் அம்மாவின் கையில் ஒரு ஆளின் கூலி குறைகிறது.

இந்தக் குறைவுக்கு ஈடாக அவனுக்குக் கிடைப்பது என்ன? படித்துக்கொண்டே பாதி நேரம் படைப் பயிற்சி எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டுமானால், எங்கள் வட்டாரத்தில் கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். மாணவராக இருந்துகொண்டே சேரக்கூடிய சேமப்படை இந்தியாவில் கிடையாது. பகுதி நேர ராணுவம் என்று சொல்லத்தக்கது பிரதேச ராணுவம். 1948இல் சட்டம் வந்து, 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்து தொடங்கி வைத்தது அது. கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் அதற்குப் பட்டாலியன்கள் உண்டு. கிரிக்கெட் வீரர் தோனிக்கு 2011இல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தது அந்தப் படையில்தான். ஆனால் அதில் அதிகாரியாகச் சேரப் பட்டம் வேண்டும், சொந்தச் சம்பாத்தியமும் வேண்டும். பிழைப்புக்கு வேறு தொழில் உள்ளவர் ஆண்டில் கொஞ்ச காலம் சீருடை போடட்டும் என்பது அதன் அடிப்படை. படிக்கிற பிள்ளைக்கு அங்கே இடமில்லை. மாணவருக்கு மிஞ்சியிருப்பது தேசிய மாணவர் படை, அதாவது என்.சி.சி. ஒன்றுதான்.

மற்ற நாடுகளில் இந்த ஏற்பாடு வேறு மாதிரி. பிரிட்டனில் பல்கலைக்கழக அதிகாரிப் பயிற்சிப் படையில் சேரும் மாணவருக்குப் பயிற்சி நாளுக்குச் சம்பளம் உண்டு. பிறகு ராணுவத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் அரசு படிப்புச் செலவை ஏற்கும், பதிலுக்குப் பல ஆண்டுப் பணிக்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும். சிங்கப்பூரில் 1967 முதல் ஆண்களுக்கு ராணுவச் சேவை கட்டாயம். அங்குள்ள நம் தமிழ்ப் பையன்களும் பதினெட்டு வயதில் இரண்டு ஆண்டு சேவை முடித்துத்தான் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள், அதன் பின்னும் ஆண்டுதோறும் முகாமுக்கு அழைக்கப்படுகிறார்கள். நம் என்.சி.சி.யில் கட்டாயமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, கூலியும் இல்லை. இதில் கடைசியாகச் சொன்னதுதான் நாரணாபுரத்தில் உறைக்கிறது.

“ஏன் சார், கையெழுத்துப் போட்டா பட்டாளத்துக்கு இழுத்துட்டுப் போயிருவாகளாமே?” பிள்ளை கொண்டு வந்த சேர்க்கைப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். மாட்டார்கள். என்.சி.சி.யில் சேர்ந்தவரைப் போர்ப் பணிக்கு அழைக்க முடியாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் அந்தத் தாயின் பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. என்.சி.சி.யின் வேர் உண்மையிலேயே சேமப்படையில்தான் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, 1917இல் பல்கலைக்கழகங்களில் மாணவர் அணிகளைத் திரட்டினார்கள். கண்பார்வை காரணமாக ராணுவத்தில் நிராகரிக்கப்பட்ட சுபாஷ் சந்திர போஸ் அப்படியொரு கல்கத்தா பல்கலைக்கழக அணியில் பயிற்சி எடுத்தவர். பின்னாளில் மலேயாத் தோட்டங்களின் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நின்ற படைக்குத் தலைமை ஏற்றவரின் முதல் அணிவகுப்பு ஒரு மாணவர் முகாமில்தான் நடந்தது. விடுதலைக்குப் பின், மாணவர் படை பற்றி ஆராய்ந்த குன்ஸ்ரு குழுவின் பரிந்துரையில் என்.சி.சி. பிறந்தது. சீனப் போருக்குப் பிறகு 1963இல் கல்லூரிகளில் கட்டாயமாக்கினார்கள். 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விட்டார்கள். சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி தொடங்கியது 1963இல். ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968இல். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு திறந்த காலமும், படைப் பயிற்சி கட்டாயமாகி விலகிய காலமும் ஒன்றுதான்.

1968 தமிழ்நாட்டில் இன்னொரு காரணத்துக்காகவும் நினைவுகூர வேண்டிய ஆண்டு. அந்த ஜனவரி 23 அன்று அண்ணா சட்டமன்றத்தில் கொண்டுவந்த மொழித் தீர்மானத்தில், என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகள் கூடாது என்பதும் ஒரு பகுதி. இன்றும் சிவகாசி மைதானத்தில் கேட்பது ‘சாவ்தான்’, ‘விஸ்ராம்’, ‘தேஜ் சல்’தான். பத்துப் பன்னிரண்டு கட்டளைச் சொற்களால் ஒரு மாணவனின் தமிழ் தேய்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. என் வருத்தம் வேறு. வரைபடம் படிப்பது, துப்பாக்கியின் பாகங்கள், களத்தில் மறைந்து நகர்வது போன்ற பாடங்களைப் பயிற்றுநர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து சொல்லும்போது, தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளை பாதியை ஊகித்துக்கொள்கிறது. உடல் கற்றுக்கொள்கிறது, மனசுக்கு வந்து சேரவில்லை. எழுத்துத் தேர்வு நெருங்கும்போது சீனியரின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து மனப்பாடம் செய்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் அந்தப் பையனிடம் பரேடுக்குப் போகாதே என்று என்னால் சொல்ல முடியாது. பரேடுக்குப் போகத் தொடங்கிய பிறகு அவனிடம் வந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் வருஷம் வந்து நின்றபோது தோள் முன்னால் வளைந்திருந்தது. சின்ன வயதிலிருந்து வீட்டுத் திண்ணையில் குனிந்து உட்கார்ந்து பேப்பர் குழாய் சுருட்டிய தோள் அது. இப்போது பஸ்ஸில் நிற்கும்போதுகூட நிமிர்ந்து நிற்கிறான். பத்து நாள் முகாமில் வேறு மாவட்டத்துப் பிள்ளைகளோடு ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே வரிசையில் தட்டு ஏந்திச் சாப்பிட்டு வந்தான். சாதிப் பெயரைக் கேட்டுத்தான் நட்பு தொடங்குகிற வட்டாரத்தில், முகாமில் யாரும் அதைக் கேட்கவில்லை என்று வியப்போடு சொன்னான். நூறு பேரை நிறுத்தி வைத்து அடிவயிற்றிலிருந்து கட்டளை சொல்லப் பழகியிருக்கிறான். இவன் வகுப்பில் கேள்வி கேட்கக் கூசியவன். பெண்பிள்ளைகளிடம் இந்த மாற்றம் இன்னும் ஆழமானது. வேனில் ஏறி இறங்குவதைத் தவிர ஊர் எல்லை தாண்டாத குடும்பத்துப் பெண், முகாமுக்குத் தனியாகப் பெட்டி கட்டுகிறாள். ஒருத்தி குடியரசு தின அணிவகுப்புக்காகத் தில்லிக் குளிரில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறாள். அவளுக்கு அவசரமாகக் கல்யாணம் பேசிய வீட்டில் பேச்சு நின்றுபோகிறது. இதை வேறு எந்தக் கல்லூரி அமைப்பும் இவ்வளவு சீக்கிரம் செய்து நான் கண்டதில்லை.

செலவு எங்கே விழுகிறது என்பதையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். மதுரையிலோ சென்னையிலோ வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சனிக்கிழமைப் பரேடு போனால் போவது தூக்கம் மட்டும். நாரணாபுரத்துப் பிள்ளைக்கு ஒரு நாள் கூலி. பத்து நாள் முகாம் என்றால் பத்து நாள் கூலி. அந்த முகாம் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வந்துவிட்டால், ஆலைகளில் கை தேவைப்படும், கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் நாட்களும் சேர்ந்து போய்விடும். பரேடு முடிந்ததும் தரும் சிற்றுண்டி அந்த வேளைப் பசிக்குத்தான் ஆகும். வருகைப் பதிவு இன்னொரு தொல்லை. முகாமில் இருந்த நாட்களுக்கு ‘ஆன் டியூட்டி’ என்று வருகை போடுவார்கள் என்பது பேச்சு. அந்த நாட்களில் நடந்த ஆய்வகப் பயிற்சியையும் உள்மதிப்பீட்டுத் தேர்வையும் திரும்ப நடத்துவது அந்தந்த ஆசிரியரின் மனசைப் பொறுத்தது. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு என்.சி.சி.யை மதிப்பெண் உள்ள விருப்பப் பாடமாக வைக்கலாம் என்று வழி திறந்தது. நல்ல முடிவு. கல்லூரிகள் அதை முழு மனதோடு எடுத்துக்கொண்டால் பாதி மனக்கசப்பு தீரும்.

அடுத்தது சான்றிதழ். என்.சி.சி.யின் ‘சி’ சான்றிதழ் வாங்கிவிட்டால் வேலை உறுதி என்று சேர்க்கை நாளில் சொல்லப்படுவதுண்டு. அப்படிச் சொல்வது தப்பு. மூன்று ஆண்டுப் பயிற்சி, முகாம்கள், தேர்வு எல்லாம் முடித்து ‘சி’ வாங்கினால், மத்திய ஆயுதப் படைக் காவலர் தேர்வில் மொத்த மதிப்பெண்ணில் 5 விழுக்காடு ஊக்க மதிப்பெண் கிடைக்கும். ‘பி’ சான்றிதழ் என்றால் 3. அக்னிவீர் ஆள்சேர்ப்பிலும் ஊக்க மதிப்பெண் உண்டு. இவை உண்மையான நன்மைகள், ஆனால் போட்டியில் ஒரு படி முன்னே நிற்க வைக்கும், அவ்வளவே. எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே அதிகாரித் தேர்வுக்குப் போகும் என்.சி.சி. சிறப்பு வழியும் இருக்கிறது. அதற்குப் பட்டத்தில் 50 விழுக்காடும் ‘சி’யில் குறைந்தது ‘பி’ தரமும் வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரு தடவைக்கு நூறு இடம்கூடக் கிடையாது. ஐந்து நாள் நேர்காணலில் குழுவாக விவாதிக்க வேண்டும், ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வேண்டும். தேறினால் போகும் அகாதெமி நம் பரங்கிமலையிலேயே இருக்கிறது. சிவகாசியிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய்ச் சேர்ந்துவிடும் தூரம். ஆனால் நேர்காணலுக்குத் தயார்செய்ய இங்கே ஆளில்லை. முட்டி தேய மூன்று ஆண்டு பரேடு செய்த பிள்ளை, பேச்சுப் பழக்கம் இல்லாததால் முதல் நாளிலேயே திரும்பி வந்தால் அதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது.

சீருடை வேலைக்கான ஆசை இங்கே ஏன் கூடிக்கொண்டே வருகிறது என்பதும் தெரிந்ததுதான். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை விதித்த பிறகு, சரம் பின்னிப் பிழைத்த வீடுகளில் வேலை நாள் குறைந்தது. என் பிள்ளையாவது மருந்து படாத வேலைக்குப் போகட்டும் என்று ஒவ்வொரு தாயும் நினைக்கிறாள். அந்த நினைப்பின் மேல்தான் சான்றிதழ் வாக்குறுதிகள் அடுக்கப்படுகின்றன. அதனால்தான் அவற்றை அளந்து சொல்ல வேண்டும் என்கிறேன்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படும் குறை இன்னொன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிபட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் சத்தம் கேட்டு, காப்பாற்றவும் பார்க்கவும் அக்கம்பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள். அடுத்து வெடித்தபோது அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஓடி வருவது எங்கள் மண்ணின் குணம். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

இந்த வேலைக்கு என்.சி.சி.யை விடப் பொருத்தமான ஆட்கள் யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு ஊரிலும் நான்கைந்து கேடட்டுகள், கட்டளைக்குப் பழகிய குரல், கூட்டத்தை வரிசையில் நிறுத்தத் தெரிந்த கை. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது மூத்த கேடட்டுகளைத் தன்னார்வப் பணிக்கு அனுப்பினார்கள். முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. பாடத்திட்டத்தில் பேரிடர் மேலாண்மையும் முதலுதவியும் இருக்கவே இருக்கின்றன, ஆனால் நோட்டில் எழுதும் குறிப்புகளாக முடிந்துபோகின்றன. அந்தக் கேடட் பையனிடம் கேட்டுப் பார்த்தேன். துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டும் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். கையில் தீக்காயம் பட்டால் முதலில் என்ன செய்வாய் என்றேன். “பேஸ்ட் தடவணும்” என்றான். வீட்டில் பார்த்து வளர்ந்தது அது. பேஸ்ட்டும் மையும் தடவக் கூடாது, இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டி, சுத்தமான துணியால் மூடி, 108ஐக் கூப்பிட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அலுமினியப் பொடி எரியும் இடத்தில் தண்ணீர் ஊற்றினால் தீ பெருகும் என்பதும் தெரியவில்லை. அதே பொடியின் வெள்ளிப் பூச்சோடு தினமும் வீடு திரும்பும் பெண்ணின் மகன் அவன்.

ராணுவப் பயிற்சி என்பது எங்கோ உள்ள எல்லையை நினைத்து மட்டும் இருக்க வேண்டியதில்லை. தீ எந்த நேரமும் வரக்கூடிய இந்தப் பகுதியில் பயிற்சி பெற்ற இளைஞர் கூட்டம் நிஜமான சேமப்படைதான். சிவகாசி, விருதுநகர், சாத்தூர் கல்லூரிகளின் என்.சி.சி. அதிகாரிகள் மாதம் ஒரு பரேடைத் தீயணைப்பு நிலையத்திலும் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலும் நடத்தலாம். மாவட்ட நிர்வாகம் அந்த நாளுக்கு ஒரு படித்தொகை கொடுத்தால், சனிக்கிழமைக் கூலியில் விழும் ஓட்டையும் கொஞ்சம் அடைபடும்.

சேரலாமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு என் பதில், சேருங்கள் என்பதுதான். வேலை கையில் வந்துவிட்டதாக நினைத்துச் சேராதீர்கள். ஆங்கிலப் பேச்சுக்கும் பாடத்துக்கும் தனியாக நேரம் ஒதுக்கிக்கொண்டு சேருங்கள். கல்லூரி நிர்வாகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த தீபாவளி சீசன் தொடங்குவதற்குள் இந்த வட்டாரத்துக் கேடட் ஒவ்வொருவருக்கும் தீக்காய முதலுதவியைச் செய்து காட்டிக் கற்றுக்கொடுங்கள்.