பானைக் கோடுகளும் பொருள் தேடுவோரும்

தென்பெண்ணைக் கரையிலுள்ள தொரப்பள்ளியை இராஜாஜி பிறந்த ஊர் என்றே நாம் அறிவோம். அவ்வூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டபோது, இரும்பே பெரிதாகப் பேசப்பட்டது. அதே அகழ்வில் வெளிப்பட்ட கறுப்பு-சிவப்பு மட்கலங்களைக் காலங்காட்டும் சான்றாகக் கண்டோமேயன்றிக் கலையாகக் கண்டோமில்லை.

அக்கலத்தின் இரு நிறங்களும் தூரிகை இட்டவை அல்ல. சூளையில் கவிழ்த்துச் சுடுகையில் காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுக்கின்றன. காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கின்றது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நெருப்பே ஓவியன் எனலாம்.

கோடு தீட்டிய கலம் வேறு. சித்ரதுர்கா மாவட்டத்துப் பிரம்மகிரியில் 1947இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், செங்காவி பூசி வெண்கோடு தீட்டிய கலங்களை ஆந்திரப் பண்பாட்டுக்குரியனவாக வகுத்தார். சாதவாகனர் ஆளாத கொங்குநாட்டின் கொடுமணலிலும் பின்னர் அவை கிடைத்தன. அரச மரபின் பெயரைப் பானைமேல் ஒட்டுவது எத்துணை இடர்ப்பாடானது! இக்கலத்தில் வெண்களிமண் கோடு முந்தியது, காவிப் பூச்சு பிந்தியது. ஆதலின் கோடுகள் உள்ளிருந்து தோன்றுவன போல் இருக்கின்றன.

இக்கோடுகளை நீரென்றும் மலையென்றும் ஆன்மாவின் வழியென்றும் உரைக்கும் ஆர்வத்தை நாம் ஐயுறுகிறோம். அமெரிக்கத் தென்மேற்கில், சக்கரமின்றி மண்திரியைச் சுற்றியடுக்கிப் பானை வனையும் பியூப்ளோ பெண்களை நேரிற் கண்டு, ரூத் பன்செல் 1929இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே உருவத்திற்கு எல்லோரும் ஒரே பொருள் கூறவில்லை; கனவிற் கண்டதையே தீட்டினோம் என்றவர்களும் உண்டு. கேட்டறியக்கூடிய இடத்திலேயே நிலை இதுவாயின், கேட்க ஆளில்லாத நம் ஓடுகளுக்கு உடனே பொருளுரைப்பது வனைந்தவரின் வாயை அடைப்பதாகும். பிரசங்கம் செய்து பழகிய நமக்கு இச்சோதனை பிறரினும் மிகுதி. எரேமியாவின் 18ஆம் அதிகாரத்துப் பச்சை மண்ணையே எடுத்தாள்கிறோம். 19இல் உடைந்து மறுபடி செப்பனிட இயலாத கலத்தை எளிதில் கடந்துவிடுகிறோம். அகழ்வாளர் கையில் சேர்வதோ பெரும்பாலும் அந்த இரண்டாவது கலமே.

பியூப்ளோ ஜாடிகள் பலவற்றில் கழுத்தைச் சுற்றும் கோடு ஓரிடத்தில் இணையாமல் விடப்பட்டிருக்கும். வனைபவளின் ஆயுளோடு அவ்விடைவெளியைத் தொடர்புபடுத்துவோர் அம்மக்களிடையே உண்டு. கொடுமணல் ஓட்டிலும் கோடு நின்றுவிடுகிறது. ஆனால் அங்கே ஓடே முடிந்துவிடுகிறது.