எந்தத் தூக்க மாத்திரை?

காரைக்குடிப் பக்கம் நர்சிங் படிக்கும் பிள்ளைகளின் பையில் அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று கிடக்கும். ட்ரக் புக். பக்கத்துக்கு ஒரு மருந்து: பொதுப்பெயர், கம்பெனிப் பெயர், அளவு, பக்கவிளைவு, கடைசிக் கட்டத்தில் செவிலியர் பொறுப்பு. கீழே டியூட்டரின் கையெழுத்து. மனநல மருந்து, நரம்பு மருந்து பற்றி நம் செவிலியருக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இந்த நோட்டில் தொடங்கியதுதான்.

காப்பியடிக்கும் வேலை என்று இதைத் தள்ளிவிட மாட்டேன். போன மாதம் மஞ்சளாக வந்த மாத்திரை இந்த மாதம் வெள்ளையாக வரும். "இது என் மாத்திரை இல்ல" என்று நோயாளி முரண்டு பிடிப்பார். அட்டையைத் திருப்பிப் பொதுப்பெயரைப் படித்து, "அதேதான், சாப்பிடுங்க" என்று சொல்ல, அந்தப் பெயரை எழுதிப் பழகிய கை வேண்டும்.

ஊசி மருந்தில் படிப்பு இன்னும் உறுதி. ஃபெனிடாயினை சலைனில்தான் கலக்கவேண்டும், குளுக்கோஸ் பாட்டிலில் கலந்தால் படிகமாகப் பிரியும், நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி ஏற்றினால் பிரஷர் விழும், இதயத் துடிப்பு தடுமாறும். இதையெல்லாம் அவசரப் பிரிவில் ஒரு வருடம் நின்ற சிஸ்டர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பிசகினால் கண்ணெதிரே தெரிந்துவிடும் என்பதால் வந்த அறிவு அது.

பிசகு மெதுவாகத் தெரியும் மருந்துகளில்தான் நோட்டு கைவிடுகிறது. ஹாலோபெரிடால் பக்கத்தில் 'அகதீசியா' என்று ஒரு சொல் இருக்கும், பரீட்சைக்குப் போதும். வார்டில் அந்தச் சொல்லை யார் சொல்லப்போகிறார்கள்? "உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது சிஸ்டர், ஒரு எடத்துல உக்கார முடியல" என்பார். உட்கார்வார், எழுவார், வராந்தாவில் நடப்பார், நின்றால் காலை மாற்றி மாற்றி ஊன்றுவார். பார்ப்பவருக்கு நோய் முற்றியதாகவே படும். இரவு ரிப்போர்ட்டில் 'ரெஸ்ட்லெஸ்' என்று ஏறும். காலையில் டோஸ் கூடும். மருந்து கொடுத்த தவிப்புக்கு அதே மருந்து இன்னும் கொஞ்சம். நோட்டு மருந்தில் தொடங்கி அறிகுறிக்குப் போகிறது. நோயாளியோ அறிகுறியோடு வந்து நிற்கிறார். அந்தத் திசையிலிருந்து ஒரு பக்கம்கூட எழுதச் சொல்லி நான் பார்த்ததில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பொது நர்சிங் படித்தவரையும் மனநலச் செவிலியர் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. ஆள் பற்றாத நாட்டில் வேறு வழியில்லைதான். ஆனால் மனநல மருத்துவர் சிவகங்கையிலோ மதுரையிலோ இருக்க, ஒரு மாத மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது. நடுவில் நோயாளியின் கண்ணில் படும் ஒரே வெள்ளை உடுப்பு இந்தச் செவிலியர்தான்.

லித்தியம் என்ற மனநல மருந்தைப் பாருங்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்கலாம், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து என்பது நோட்டிலேயே உண்டு. அந்த எண்ணை ஏற்றிவிடுவது நம் ஊர் நடப்பு. கத்திரி வெயிலில் வேர்த்துக் கொட்டினாலும், வயிற்றால் போனாலும், பிரஷர் என்று திடீரென உப்பைக் குறைத்தாலும் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறார் லித்தியம் சாப்பிடும் ஒருவர். மூன்றாம் நாள் கால் வீங்கி, வழியில் ஒரு முகாமில் டைக்ளோபெனாக் கேட்கிறார். அந்த வலி மருந்தும் அதே காரியத்தைத்தான் செய்யும். நாளை கை நடுங்கினால், நடந்த களைப்பு என்பார்கள்.

சிஸ்டர் கேட்காமலும் இல்லை. "அண்ணே, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர், ராத்திரிக்கு ஒரு தூக்க மாத்திரை."

மனநல மாத்திரை எல்லாவற்றுக்கும் வீட்டுப் பெயர் அதுதான். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வேறு பெயர் எப்படி வாயில் வரும்? "பையில அட்டை இருந்தா எடுங்கண்ணே, பாப்போம்" என்ற அடுத்த வரிக்கு ட்ரக் புக்கில் கட்டம் கிடையாது.